மண்டபத்துல வொயிட் பேலன்ஸ் ஏன் கைக்கு அடங்க மாட்டேங்குது: முதல்ல எத்தனை லைட்டுனு எண்ணிப் பாருங்க

தம்பி கேட்டிருக்கறது இதுதான். போன மாசம் தனியா ஒரு கல்யாணம் எடுத்திருக்கார். ரிசப்ஷன்ல பொண்ணு மாப்பிள்ளை முகம் சரியா இருந்தா பின்னாடி மண்டபமே ஆரஞ்சா இருக்கு, காலைல முகூர்த்தத்துல மாப்பிள்ளை வேட்டி ஒரு போட்டோல மஞ்சளா அடுத்த போட்டோல நீலமா வருது, மேடைல நின்ன பொண்ணோட ஒரு கன்னம் ரோஸ் கலர்ல இருக்கு. வொயிட் பேலன்ஸ (வெள்ளை வெள்ளையா தெரிய கேமரா கலர திருத்தற செட்டிங்) ஆட்டோல விடாம கெல்வின்ல (வெளிச்சத்தோட கலர சொல்ற அளவு) எந்த நம்பர் வெச்சா மண்டபத்துக்கு சரியா வரும், இல்ல ரால (சென்சார் பிடிச்சத அப்படியே வெக்கற ஃபைல்) எடுத்தா வொயிட் பேலன்ஸ் பத்தி கவலையே பட வேணாமா, அண்ணன்கள் யாராச்சும் சொல்லுங்கன்னு கேட்டிருக்கார்.

பாக்கறதுக்கு நம்பர் கேக்கற மாதிரி இருக்கு. ஆனா இந்த மூணு குறையையும் சேத்து வெச்சுப் பாத்தா உண்மையான கேள்வி வேற: ஒரே மேடைல நாலு கலர் வெளிச்சம் விழறப்போ ஒரே ஒரு செட்டிங்க வெச்சு எப்படி சமாளிக்கறது. அப்படி சமாளிக்க முடியாது தம்பி. கேமரால இருக்கற வொயிட் பேலன்ஸ் ஒரு படத்துல ஒரு வெளிச்சத்த மட்டும்தான் சரி பண்ணும், ரெண்டாவது வெளிச்சம் அந்தத் திருத்தத்தாலயே இன்னும் கெட்டுப்போகும். நான் 22 வருஷமா மதுரை, திண்டுக்கல் பக்கம் கல்யாணம் எடுத்துட்டிருக்கேன், ஆரம்பத்துல கொஞ்ச வருஷம் ஃபிலிம்ல. அந்த அனுபவத்துல சொல்றேன், மண்டபத்துக்குள்ள போனதும் கேமராவ எடுக்கறதுக்கு முன்னாடி தலைய நிமித்தி எத்தனை விதமான லைட்டு எரியுதுன்னு எண்ணிட்டாலே பாதிப் பிரச்சனை புரிஞ்சிடும்.

அடிப்படைய கொஞ்சம் சொல்லிடறேன், இதுல எந்த சந்தேகமும் கிடையாது. குத்துவிளக்குச் சுடர் சுமார் 1900 கெல்வின், பழைய குண்டு பல்பு 2700ல இருந்து 2850, வீடியோக்காரங்க முன்ன பிடிச்ச ஹாலஜன் 3200, உச்சி வெயில் 5200 - 5500, நம்ம ஃப்ளாஷும் கிட்டத்தட்ட 5500, மேகம் போட்டா 6000 - 6500, வெயில் நாள்ல நிழலுக்குள்ள நின்னா 7000 - 8000. நம்பர் கம்மின்னா வெளிச்சம் செம்மஞ்சள், அதிகம்னா நீலம். நம்ம கண்ணு இதையெல்லாம் தானா சரி பண்ணிக்கும், பல்பு வெளிச்சத்துலயும் வேட்டி வெள்ளையாத்தான் தெரியும், கேமராவுக்குள்ள படம் பிடிக்கற சென்சாருக்கு அந்த வித்தை தெரியாது. நிறைய பேர் குழம்பறது ஒரு இடத்துலதான். கேமரால 7000 வெச்சா படம் நீலமா வரணுமேன்னு நினைப்பாங்க, ஆனா மஞ்சளா வரும், ஏன்னா அந்த நம்பர் மூலமா நீங்க கேமராகிட்ட "இங்க வெளிச்சம் இவ்வளவு நீலமா இருக்கு"ன்னு தகவல் சொல்றீங்க, அது அத ஈடுகட்ட மஞ்சள் சேக்குது. இன்னொண்ணு, 3000ல இருந்து 3500க்கு மாத்தினா படம் நல்லாவே மாறும், 6000ல இருந்து 6500க்கு மாத்தினா பெருசா தெரியாது. பத்து லட்சத்த ரெண்டு கெல்வின் நம்பராலயும் வகுத்து வித்தியாசத்தப் பாருங்க, முதல் மாற்றம் 48, ரெண்டாவது வெறும் 13. அதனால பல்பு வெளிச்சத்துல நூறு நூறா நகத்துங்க, வெளிய நிழல்ல ஐநூறு ஐநூறா நகத்தினா போதும்.

கெல்வின் மட்டும் போதாதுங்கறதையும் சொல்லணும். அது நீலம் மஞ்சள் அச்சு மட்டும்தான். டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் பச்சைப் பக்கம் சாயும், அத கெல்வின் நம்பர எவ்வளவு திருப்பினாலும் போக்க முடியாது, டின்ட் வேணும், பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் (ஊதா கலந்த ரோஸ்) நடுவுல இருக்கற இன்னொரு அச்சு. முகம் செத்த மாதிரி தெரியுது, ஆனா மஞ்சளும் இல்ல நீலமும் இல்லன்னா டின்ட்தான் தப்பா இருக்கும். ஃபிலிம் காலத்துல டியூப் லைட்டுக்குன்னே லேசா மெஜந்தா கலந்த ஃபில்டர் லென்ஸ் முன்னாடி போடுவோம், இப்ப கேமரா மெனுக்குள்ளயே ஒரு சின்ன கட்டத்துல புள்ளிய நகத்தற மாதிரி அது இருக்கு. முக்கால்வாசிப் பேர் அந்த மெனுவ திறந்தே பாத்திருக்க மாட்டாங்க.

இப்ப வேட்டி விஷயம். ஒரே இடத்துல ஒரே வெளிச்சத்துல அடுத்தடுத்து எடுத்த ரெண்டு படம் வேற வேற கலர்ல இருக்குன்னா ரெண்டு காரணம்தான் பெரும்பாலும். முதல் காரணம் ஆட்டோ. ஆட்டோ வொயிட் பேலன்ஸோட பழைய அடிப்படை என்னன்னா, படத்துல இருக்கற எல்லா கலரையும் கலந்தா சராசரியா சாம்பல் வரணும்ங்கற ஊகம். இப்ப இருக்கற கேமராக்கள் அதவிட புத்திசாலி, ஆனாலும் படத்துல என்ன இருக்குன்னு பாத்துத்தான் முடிவு பண்ணுது. பொண்ணோட அரக்கு புடவை ஃப்ரேம் முழுக்க வந்தா சிவப்பு ஜாஸ்தின்னு நினைச்சு கேமரா குறைக்கும், மாப்பிள்ளை வேட்டி பக்கம் திரும்பினா விட்டுடும், ரெண்டு படத்துலயும் வெளிச்சம் ஒண்ணுதான், முடிவு மட்டும் வேற. வயக்காட்டுல எடுத்தாலும் இதே கதை, பச்சை முழுக்க நிறைஞ்சா முகத்துல மெஜந்தா ஏறும். அதனால முகூர்த்தம் மாதிரி ஒரே இடத்துல ஒரு மணி நேரம் நிக்கறப்போ ஏதாவது ஒரு நம்பர்ல பூட்டி வெச்சிடுங்க, அது கொஞ்சம் தப்பாவே இருந்தாலும் பரவால்ல. 300 படமும் ஒரே அளவு தப்பா இருந்தா ஒண்ண சரி பண்ணி மத்ததுக்கு அப்படியே காப்பி பண்ணிடலாம். 300 படமும் 300 விதமா தப்பா இருந்தா ஆல்பம் வேலைல உக்காந்தவனுக்கு ரெண்டு ராத்திரி போயிடும்.

ரெண்டாவது காரணம் லைட்டோட துடிப்பு. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால பழைய சோக் வெச்ச டியூப் லைட்டும் விலை கம்மியான எல்இடியும் செகண்டுக்கு 100 தடவ ஏறி இறங்கும், ஏறி இறங்கறப்போ வெளிச்சம் மட்டும் இல்ல கலரும் லேசா மாறும். ஷட்டர் (வெளிச்சம் உள்ள வர்ற நேரம்) 1/500 செகண்டுன்னு வெச்சிருந்தா அந்த அலைல எந்த இடத்துல மாட்டறீங்களோ அந்த கலர் வரும், சில படத்துல மேல் பாதி ஒரு கலர் கீழ் பாதி ஒரு கலர்னு பட்டை விழும். 1/100 இல்லன்னா 1/50க்கு இறக்கினா முழு அலையும் உள்ள வந்துடும், பிரச்சனை போயிடும். கேனான் 2014ல 7டி மார்க் 2ல கொண்டுவந்த ஆன்டி ஃப்ளிக்கர் வசதி இப்ப நிறைய கேமரால வந்துடுச்சு, லைட்டு உச்சத்துல இருக்கற நேரம் பாத்து ஷட்டர திறக்கும், இருந்தா ஆன் பண்ணிக்கங்க. ஆனா டெக்கரேஷன்காரங்க கன்ட்ரோலர் வெச்சு ஓட்டற கலர் எல்இடி பார் லைட்டு (மேடைல கலர் அடிக்கற லைட்டு) கரண்ட்டோட கணக்குல துடிக்கறதில்ல, அது வேற வேகம், அதுக்கு இந்த வைத்தியம் நிச்சயம் பலிக்கும்னு சொல்ல மாட்டேன். அங்க ஷட்டர ஒவ்வொண்ணா மாத்தி எடுத்துப் பாத்துத்தான் வழி.

ரிசப்ஷன்ல பின்னாடி ஆரஞ்சு வந்தது ஏன்னா, உங்க ஃப்ளாஷ் 5500, மண்டபத்து சாண்டலியரும் சுவத்து லைட்டும் 3000 பக்கம், கேமராவ ஃப்ளாஷுக்கு வெச்சிருக்கீங்க, ஃப்ளாஷ் எட்டாத இடமெல்லாம் அதோட சொந்த கலர காட்டுது. நீங்க எந்தத் தப்பும் பண்ணல, ரெண்டு வெளிச்சத்த ஒண்ணாக்கலை அவ்வளவுதான். சிடிஓன்னு ஆரஞ்சு கலர் ஜெல் ஷீட் கிடைக்கும், முழு சிடிஓ ஃப்ளாஷ் வெளிச்சத்த 3000 பக்கம் இறக்கிடும், அரை சிடிஓ 3800 பக்கம். ஃப்ளாஷ் முகத்துல ஒரு துண்டு ஒட்டிட்டு கேமராவயும் அந்த நம்பருக்கு இறக்கினா முன்னாடி பின்னாடி ரெண்டும் ஒரே கலர் ஆயிடும். ஃப்ளாஷ் பவர் ஒரு ஸ்டாப் (அதாவது பாதி) வரைக்கும் குறையும், அத ஐஎஸ்ஓல (கேமராவோட வெளிச்ச உணர்திறன்) ஏத்திக்கலாம். நான் பெரும்பாலும் அரை சிடிஓதான் போடறேன், கேமரால 4000 சுத்தி வெச்சுக்கறேன், பின்னாடி லேசா சூடா இருக்கட்டும்னு விட்டுடறேன். இது என் ருசி, சட்டம் இல்ல. மண்டபத்துல முழுக்க வெள்ளை எல்இடி போட்டிருந்தா ஜெல்லே தேவைப்படாது, சில சமயம் அதுக்குப் பதிலா லேசான பச்சை ஜெல் கேக்கும். மண்டபத்துக்கு மண்டபம் மாறுது, ஒரே மண்டபத்துல பல்பு மாத்தினாக்கூட மாறுது, அதனாலதான் எந்த நம்பர்னு கேட்டா நான் நம்பர் சொல்றதில்ல.

எண்ணறதுன்னு சொன்னேனே, அத எப்படின்னா: முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போயிடுங்க. கேமராவ 5500ல பூட்டிட்டு ஃப்ளாஷ் இல்லாம மணவறை, வாசல், சாப்பாட்டுப் பந்தி, மணமகள் அறை எல்லாத்துலயும் யாரையாவது நிக்க வெச்சு ஒவ்வொரு படம் எடுங்க. கண்ணுக்கு எல்லாமே வெள்ளையா தெரிஞ்ச இடம் ஸ்க்ரீன்ல பிரிஞ்சு நிக்கும், இது ஆரஞ்சு, இது பச்சை, ஜன்னல் பக்கம் நீலம்னு. வெளிய ஷாமியானா போட்டிருந்தா அதையும் பாருங்க. சிவப்பு மஞ்சள் துணிப் பந்தலுக்கு அடியில நடுப்பகல்ல நின்னா வெயில் துணி வழியா வடிஞ்சு எல்லார் தலைலயும் அந்த கலர ஊத்தும், பச்சை பெயின்ட் அடிச்ச சுவத்துக்குப் பக்கத்துல ஃப்ளாஷ பௌன்ஸ் பண்ணா (சுவத்துல பட்டுத் திரும்ப விட்டா) முகத்துல பச்சை விழும். அப்புறம் குறைக்க முடிஞ்சத குறைங்க. மணமகள் அறைல ஜன்னல் வெளிச்சம் நல்லா இருந்தா டியூப் லைட்ட அணைக்கச் சொல்லுங்க, சாமி கும்பிட்டு கேக்கற மாதிரி கேட்டா யாரும் மறுக்க மாட்டாங்க. வீடியோ அண்ணன்கிட்ட அவர் பேனல் லைட்டு எந்த நம்பர்ல இருக்குன்னு கேட்டு அதுக்கு உங்க ஃப்ளாஷ மாத்திக்கங்க, மேடைல அவர் லைட்டுதான் ராஜா, அவரோட சண்டை போடறதவிட அவர் கலருக்கு நாம போறது சுலபம்.

கன்னத்துல ரோஸ் வந்தது கலர் பார் லைட்டால. அத வொயிட் பேலன்ஸ் சரி பண்ணாது, எந்த சாஃப்ட்வேரும் முழுசா சரி பண்ணாது. சாதா பல்பு வெளிச்சத்துல நீலம் கம்மியா இருந்தாலும் கொஞ்சம் இருக்கும், அத பெருக்கி மேல கொண்டுவரலாம். மெஜந்தா எல்இடில பச்சைங்கறது ஏறக்குறைய கிடையாது, இல்லாதத எவ்வளவு பெருக்கினாலும் இல்லாததுதான். டெக்கரேஷன்காரங்க கிட்ட முதல்லயே பேசி அந்த லைட்ட பின்னாடி இருக்கற அலங்காரத் துணி மேல திருப்பச் சொல்லணும், முகத்து மேல விழக்கூடாது. அது நடக்கலன்னா ஃப்ளாஷ முகத்துக்கு முக்கிய வெளிச்சமா கொண்டுவந்து கலர அமுக்கணும்.

கிரே கார்ட் (கலர் சாயல் இல்லாத சாம்பல் அட்டை) பத்தி. கேமரால கஸ்டம் வொயிட் பேலன்ஸ் எடுக்கறதுக்கு (ஒரு பொருள படம் பிடிச்சு இதுக்கு கலரே இல்லன்னு கேமராவுக்குக் காட்டறது) உண்மையிலேயே நடுநிலையான, எந்த கலர் சாயலும் இல்லாத பொருள் வேணும், வெள்ளையா தெரியறது எல்லாம் நடுநிலை இல்ல. ஆரம்ப காலத்துல ஒரு முகூர்த்தத்துல மாப்பிள்ளையோட வேட்டிய வெச்சே கஸ்டம் எடுத்தேன், பெரிய ஜன்னல் பக்கத்துல மணவறை, வேட்டி பளிச்சுன்னு இருந்துச்சு. எல்லா படத்துலயும் முகம் மஞ்சள் காமாலை மாதிரி வந்துடுச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது, வேட்டிக்கு சொட்டு நீலம் போட்டிருப்பாங்க, சோப்புப் பவுடர்ல வேற பளபளப்புக்கு ஒரு ரசாயனம் இருக்கும், அது பகல் வெளிச்சத்துல இருக்கற புற ஊதாக் கதிர வாங்கி நீலமா திருப்பிக் குடுக்கும். கண்ணுக்கு அது அதிக வெள்ளை, கேமராவுக்கு அது நீலத் துணி, அத ஈடுகட்ட மஞ்சள் சேத்துடுச்சு. பிரின்டர் பேப்பர், மாப்பிள்ளை சட்டை, டிஷ்யூ எல்லாத்துக்கும் இதே குறைதான். பல்லு, கண்ணோட வெள்ளை ரெண்டும் சுத்தமான வெள்ளை கிடையாது, எடிட்ல வெள்ளைய தேர்ந்தெடுக்கற ஐட்ராப்பர அங்க வெச்சு அழுத்தாதீங்க. நல்ல கிரே கார்ட் ஒண்ணு வாங்கி பையிலயே வெச்சுக்கங்க. 1976ல வந்த 24 கட்டம் வெச்ச கலர் செக்கர் இன்னும் நல்லது, கடைசி வரிசைல சாம்பல் கட்டங்கள் இருக்கும், மேல இருக்கற கட்டங்கள வெச்சு கேமராவுக்கு கலர் ப்ரொஃபைலும் செஞ்சுக்கலாம். கார்ட பொண்ணு உக்காரப்போற மணையில, முகம் பாக்கப்போற திசைல பிடிக்கணும், நீங்க நிக்கற இடத்துல இல்ல, அங்க விழற வெளிச்சம் வேற.

ரால எடுத்தா கவலை வேணாமாங்கறதுக்கு பதில், பெரும்பாலும் ஆமா, ஆனா மூணு இடத்துல இல்ல. ரா ஃபைல்ல சென்சார் பிடிச்ச சிவப்பு பச்சை நீலம் அப்படியே இருக்கு, வொயிட் பேலன்ஸ்ங்கறது கூட ஒட்டி வெச்ச ஒரு குறிப்புதான், பின்னாடி மாத்தினா தரம் ஒண்ணும் கெடாது. ஜேபெக்ல அந்தப் பெருக்கல் முடிஞ்சு 8 பிட்டா சுருங்கி மிச்சத்த தூக்கிப் போட்டாச்சு, கொஞ்சம் நகத்தலாம், நிறைய முடியாது. அந்த மூணு இடம் என்னன்னா, கலந்த வெளிச்சம் ராலயும் கலந்த வெளிச்சம்தான். ரெண்டாவது, பல்பு வெளிச்சத்துல நீலத்த ரெண்டு மடங்குக்கு மேல பெருக்கணும், கூடவே நாய்ஸும் பெருகும், மாப்பிள்ளையோட கோட்டு நிழல்ல புள்ளி புள்ளியா தெரியறது அதுதான். மூணாவது, கேமரா பின்னாடி தெரியற ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவ காட்டற வரைபடம்) ராவோடது இல்ல, நீங்க வெச்ச வொயிட் பேலன்ஸ் போட்ட ஜேபெக்கோடது. தப்பான நம்பர்ல சிவப்பு புடவைய எடுத்தா சிவப்பு வழிஞ்சது (அளவு மீறி விவரம் அழிஞ்சது) தெரியாம போயிடும், இல்ல வழியாததுக்கு பயந்து இருட்டா எடுப்பீங்க. சிவப்பு தனியா காட்டற ஹிஸ்டோகிராம வெச்சுக்கங்க, பட்டுல ஜரிகை மடிப்பு ஒருதடவ வழிஞ்சு போச்சுன்னா திரும்பி வராது.

புடவை கலர் பத்தி நீங்க கேக்கல, ஆனா கண்டிப்பா கேப்பாங்க, அதனால சொல்றேன். எல்லாம் சரியா பண்ணாலும் வாடாமல்லி கலர் புடவை கேமரால நீலமாவோ ரோஸாவோ போகும், அரக்கு எல்இடி வெளிச்சத்துல பழுப்பா மங்கும், மயில்கழுத்து பாக்கற கோணத்துக்கு ஒரு கலர் காட்டும். சென்சார் நம்ம கண்ணு மாதிரி கலர பிரிக்கறதில்ல, லைட்டுல ஆழமான சிவப்பு அலையே குறைவா இருந்தா புடவை சிவப்பா திருப்பி அனுப்ப ஒண்ணும் இருக்காது. எல்இடில சிஆர்ஐ (கலர எவ்வளவு உண்மையா காட்டும்ங்கற அளவு) 95ன்னு போட்டிருந்தாலும் ஆழ்ந்த சிவப்ப தனியா சொல்ற ஆர்9 எவ்வளவுன்னு பாருங்க, சிஆர்ஐ சராசரில அந்த கட்டம் சேர்றதே இல்ல. 2015 பிப்ரவரில ஒரு உடுப்பு நீலமும் கருப்புமா, வெள்ளையும் தங்கமுமான்னு உலகமே அடிச்சுக்கிச்சே, அதுவும் இதே வகைதான், என்ன வெளிச்சத்துல எடுத்ததுன்னு படத்துல தடயம் இல்லன்னா ஆளுக்கொரு கலர் தெரியும். கூறைப்புடவைய தாலி கட்டறதுக்கு முன்னாடி ஜன்னல் வெளிச்சத்துல கார்டோட ஒரு படம் தனியா எடுத்து வெச்சுக்கறது என் பழக்கம், பின்னாடி ஆல்பத்துல கலர் தகராறு வந்தா அதுதான் சாட்சி.

எல்லாத்தையும் வெள்ளையாக்கறதுதான் சரின்னும் நினைச்சுடாதீங்க. ஹோமத் தீ முகத்துல விழறப்போ அத 1900க்கு இறக்கி வெள்ளையாக்கினா அங்க தீயே இல்லாத மாதிரி ஆயிடும், ஆட்டோ அந்தி வெயில அழிக்கறதும் இப்படித்தான். நான் 3500 - 4000ல விட்டு தீய தீயாவே வெச்சுக்குவேன். நலங்கு மஞ்சள் பூசின முகத்துல மஞ்சள் இருக்கணும், அது வெளிச்சத்தோட தப்பு இல்ல, அந்தப் பொண்ணோட கல்யாணம். இன்னொரு விஷயம் மனசார சொல்றேன். கருப்பா இருக்கற பொண்ண வெளுப்பாக்க நீலத்த ஏத்தறதும் வெளிச்சத்த ஏத்தறதும் நம்ம தொழில்ல சகஜமா இருக்கு, அத தயவுசெஞ்சு பண்ணாதீங்க, கருப்பு தோல் நீலம் ஏறினா சாம்பலாத்தான் ஆகும், அழகு போயிடும். வெள்ளைக்காரப் பொண்ணு படம் போட்ட ஷெர்லி கார்ட வெச்சு லேப்கள்ல கலர் சரி பாத்த காலம் ஒண்ணு இருந்துச்சு, கருப்பு தோல் அதுல எப்பவும் அடிபட்டுச்சு. இப்ப ஸ்லைடர் நம்ம கைல இருக்கு.

எடிட் பண்ற இடத்தையும் பாருங்க. ராத்திரி பதினோரு மணிக்கு நைட் லைட் ஆன்ல இருக்கற லேப்டாப்ல கலர் சரி பண்ணா காலைல எல்லாமே நீலமா இருக்கும், ஏன்னா ஸ்க்ரீன் மஞ்சளாகி உங்க கண்ணு அதுக்குப் பழகிடுச்சு. அதையும் போன்ல இருக்கற அதே மாதிரி வசதியையும் அணைச்சிட்டு, ஸ்க்ரீன் 6500ல இருக்கான்னு பாத்துட்டு உக்காருங்க. முடிஞ்சா ஒரு கேலிப்ரேஷன் கருவி, முடியலன்னா லேப்ல ஒரு சின்ன பிரின்ட் போட்டு பகல் வெளிச்சத்துல வெச்சு ஒப்பிட்டா ஓரளவு பிடிபடும்.

இப்ப கைல இருக்கற அந்தக் கல்யாணத்துக்கு: ரா இருந்தா முகத்துக்கு சரியா வர்ற மாதிரி மொத்த படத்தையும் முதல்ல வெச்சுக்கங்க, அப்புறம் பின்னணிய மாஸ்க்ல தேர்ந்தெடுத்து டெம்பரேச்சர நீலப்பக்கம் மெதுவா இழுங்க, ஆரஞ்ச முழுசா கொல்லாதீங்க, பாதி குறைஞ்சா போதும். வேட்டி மாறினதுக்கு ஒரே இடத்து படங்கள கூட்டா பிரிச்சு நல்லா இருக்கற ஒண்ணோட டெம்பரேச்சர், டின்ட் ரெண்டையும் மத்ததுக்கு ஒட்டுங்க. ரோஸ் கன்னத்துக்கு அந்த இடத்துல மட்டும் மெஜந்தா சாச்சுரேஷன (கலரோட அடர்த்தி) குறைச்சுப் பாருங்க, அப்பவும் தோல் சாம்பலா நின்னா அந்த ஏழெட்டு படத்த கருப்பு வெள்ளையாக்கி ஆல்பத்துல சேத்து ஒரு பக்கமா வைங்க. ஜேபெக் மட்டும்தான் இருக்குன்னா ரெண்டு படம் இங்க போடுங்க, ஒண்ணு முகூர்த்தம், ஒண்ணு ரிசப்ஷன், எவ்வளவு தூரம் இழுக்கலாம்னு பாத்துச் சொல்றேன்.